பழையது வேண்டாம்

பெட்டியைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை வினோலியாவே நகத்தால் கீறிப் பிரித்தாள். கடையில் பிரிக்க விடவில்லை. ஆகவே அந்த ஃபோனை அவளுக்கு முன்னால் யாரும் தொட்டிருக்க வழியில்லை. சிம்கூட இன்னும் போடவில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை வெளுத்தது, ஒரு நொடி நடுங்கியது, எழுத்துகள் வந்தன.

'மீண்டும் வருக, வினோ.'

புது ஃபோன் வருக என்று சொல்வது சரி. மீண்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்? பள்ளிக்கூடத்தில் அவள் வினோலியா டீச்சர். அம்மா வீட்டில் வினோலி. வினோ என்று கூப்பிட்டவன் ஒருத்தன்தான். அவனை மேட்டுப்பட்டிக் கல்லறையில் அடக்கம் செய்து ஆறு மாதம் ஆகப்போகிறது.

கையில் இருந்ததை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது திரையில் வேறு பக்கம் இருந்தது. 'பழைய பேக்கப்பிலிருந்து மீட்டெடு' என்று நீலப் பட்டையில் பெரிதாக ஒன்று. அதற்குக் கீழே, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவில் 'புதிதாகத் தொடங்கு'. விட்டுவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு எங்கேயும் சின்ன எழுத்துதான் என்று நினைத்துக்கொண்டு, அதன்மேல் விரலைக் குத்துகிற மாதிரி வைத்தாள்.

கடையில் தப்ரேஸும் இதையேதான் கேட்டான். "அக்கா, பழசுல உள்ள போட்டோ, நம்பர் எல்லாம் பேக்கப்ல பத்திரமாக் கெடக்கும். அஞ்சு நிமிசம் உக்காருங்க, ஏத்தித் தந்துர்றேன்."

"வேணாம்."

"ஒண்ணுமே வேணாமாக்கா? சாரோட போட்டோவாச்சும்..."

"பழசு வேணாம்ப்பா. வெறும் போனாக் குடு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே பில் போட்டான். பத்தாம் வகுப்பில் இனிகோ சாரிடம் கணக்குப் படித்தவன். "சார் மாதிரி ஒரு தங்கமான மனுசன இனிமே பாக்க முடியாதுக்கா" என்றான். ஆறு மாதமாகத் திண்டுக்கல்லில் அவள் எந்தத் தெருவில் நின்றாலும் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். அவளும் வாங்கிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

அவள் கணவன் இனிகோ வெளியில் குரல் உயர்த்தாதவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பான். அவளுடைய பழைய ஃபோனை வாங்கித் தந்ததும் அவன்தான், தன் கணக்கை அதில் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். "தொலைஞ்சாலும் ஒண்ணும் போகாது வினோ. எல்லாம் எங்கிட்ட வந்து ஏறிக்கிட்டே இருக்கும்." ஏறிக்கொண்டேதான் இருந்தது. சாப்பிட்ட பிறகு டேப்லெட்டைத் திறந்து, அவளுடைய அன்றைய பகல் முழுவதையும் விடைத்தாள் திருத்துகிறவன் மாதிரி வரி வரியாக வாசிப்பான். அவள் அழித்த செய்திகளையும் சேர்த்து. "பதினொன்னே காலுக்கு யாரோட பேசுன?" என்று மெதுவாகக் கேட்பான். அந்த மெதுவுக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மே பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், ஒட்டன்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலை கேட்டு எழுதியிருந்தது அவன் டேப்லெட்டில் ஏறிவிட்டது. தங்க இடம் உண்டா என்றும் கேட்டிருந்தாள். அவளுடைய ஃபோனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தான். அதற்கும், அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதற்கும் நடுவே இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூட.

உடைந்த ஃபோனை மறுவாரமே சாணார்பட்டி போகிற வழியில் ஒரு பாழுங்கிணற்றில் போட்டாள். வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். இத்தனை நாள் ஒரு பட்டன் ஃபோனை வைத்துச் சமாளித்தாள். இப்போது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு கணக்கு ஆரம்பித்து, அதன் கடவுச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள். அவனுக்குத் தெரியாத கணக்கு. அவன் தொடாத ஃபோன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதற்குக் கீழே, 'மீட்டெடுக்கப்படுகிறது. 3%.'

"நான் அதக் கேக்கல" என்றாள் சத்தமாக.

செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் கொடுத்தாள். அணைந்து எரிந்தது. மீண்டும் வருக, வினோ. இந்த முறை எதையும் கேட்கவில்லை. 19%. வீட்டில் வைஃபை கிடையாது. சிம் பட்டன் ஃபோனில் கிடக்கிறது. திரையின் மேல் ஓரத்தில் இணைப்பு இல்லை என்று அதுவே சொல்கிறது. பிறகு எங்கிருந்து ஏறுகிறது? மறுபடி அழித்தாள். 41%. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அது முன்பைவிட வேகமாக நிரம்பியது. அவள் அதைத் துடைக்கவில்லை, அதற்கு வழிவிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது போல.

சிறுமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வெளிச்சத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு முந்தைய காற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை தெருவில் நுழைந்தது. எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான், அந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாசம் இருப்பது தெரிந்தது. சாக்பீஸ் தூள். தலைவலித் தைலம். வெள்ளையடித்து ஐந்து மாதமான சுவரிலிருந்து, ஈரம் கசிகிற மாதிரி, மெல்ல மெல்ல வந்தது. அவள் ஓடவில்லை. பயத்துக்கு முன்னால் கோபம் வந்து நின்றது. பதினான்கு வருடம் கழித்துத் தனக்கென்று கிடைத்த மூன்று அறை. இதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அவள் வைக்காத அலாரம். திரையில் 'வினோ எங்கே?' என்று இருந்தது. பழைய ஃபோனில் தினமும் அடித்ததுதான். அடித்ததும் எங்கே இருக்கிறாளோ அங்கிருந்து ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். நிறுத்தப் போனவளின் விரல் படுவதற்குள் கேமரா தானாகவே சொடுக்கியது.

படத்தில் அவள் இருந்தாள். மேசை முன்னால் குனிந்து, கையில் ஃபோனோடு. முகம் இல்லை. முதுகு தெரிந்தது, பின்னல் தெரிந்தது, ஜாக்கெட்டின் கொக்கி ஒன்று விட்டிருந்தது தெரிந்தது. ஹாலின் வாசலில் ஓர் ஆள் உயரத்தில் நின்று எடுத்த படம்.

திரும்பிப் பார்த்தாள். வாசல் வெறுமையாக இருந்தது. அலமாரிமேல் பட்டன் ஃபோன் அலறியது.

இனிகோவின் அக்கா சகாயராணி. "ஏம்மா, ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தம்பி பேரக் குடுத்துட்டேன். நீ வந்துருவேல்ல?" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கணும். அவன் நம்பரை யாருக்கும் குடுத்துட்டியா?"

"இல்ல மதினி. அப்பவே கட் பண்ணியாச்சு."

"இப்ப அதுல இருந்து மூணு கால் வந்துச்சு. எடுத்தா ஒண்ணும் பேசல. மூச்சு மட்டும் வாங்குது. எனக்கு நெஞ்செல்லாம் படபடன்னு வருது. ஆனா பாரேன், அவனாத்தான் இருக்கணும்னு தோணுது. அம்புட்டுப் பாசம் அவனுக்கு. ஒன்னயக் கண்ணுக்குள்ள வச்சுல பாத்தான்."

"ஆமா மதினி. கண்ணத்தான் எடுக்கவே இல்ல" என்றாள் வினோலியா. "கக்கூஸுக்குப் போனாக்கூட எத்தன நிமிசம்னு கேட்ட மனுசன். என் கையி ரெண்டு தடவ ஒடஞ்சதே, படியில விழுந்தேன்னு நெனச்சீங்களா? நீங்க நெனக்கல. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வந்து என் வீட்ல கறிச்சோறு தின்னுட்டுப் போனீங்க."

 சகாயராணி, "செத்தவன இப்பிடியெல்லாம் பேசாத. கேட்டுக்கிட்டு இருப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. மேசையில் அந்தத் திரை மட்டும் எரிந்தது. 100%.

படங்கள் இல்லை. நம்பர்கள் இல்லை. செய்திகள் எதுவும் இல்லை. முழுதாக மீட்டெடுத்து அது கொண்டுவந்தது ஒரே ஓர் ஒலிப்பதிவு. 'மே 12, மாலை 6.50.' தொட்டாள்.

முதலில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சுவரில் மோதும் ஓசை. அவன் குரல் பாதியில் அறுந்து, ஒரு கனமான பொருள் தரையில் விழுந்தது. பிறகு, "வினோ... போன்... போன் பண்ணு." அவனுடைய ஃபோன் அலமாரிமேல்தான் இருந்தது. பூட்டைத் திறக்காமலே நூற்றெட்டைக் கூப்பிடலாம் என்று அவளுக்குத் தெரியும். பதிவில் ஒரு பிரம்பு நாற்காலி தரையில் இழுபட்டது. பிரம்பு முனகியது. அவள் உட்கார்ந்தாள். "செத்த நேரம் பொறுங்க" என்றது ஒரு பெண்ணின் குரல். எந்த அவசரமும் இல்லாத குரல். பிறகு மூச்சு. தண்ணி என்று ஒரு சொல். மூச்சு. மூச்சு.

கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஒட்டுக் கேட்பதற்கென்று ஃபோனில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான். சுவரில் அடித்து நொறுக்கிய பிறகும் அது கட்டிலுக்கடியில் கிடந்து பதிந்திருக்கிறது. சாகும்போதும் வேவு. அந்த இருபத்திரண்டு நிமிடம் ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் அவன் வாசிக்காத பக்கம் என்று நினைத்திருந்தாள்.

நிறுத்தப் போனபோது பதிவின் நீளம் கண்ணில் பட்டது. 4416 மணி 12 நிமிடம்.

கிணற்றில் போட்ட ஃபோன். அவள் விரலால் கோட்டை நடுவே இழுத்தாள். அடக்கத்துக்கு வந்தவர்களின் ஜெபம். இன்னும் இழுத்தாள். சுவரில் பிரஷ் ஓடும் சரசரப்பு. இன்னும். போன வாரம் குளியலறையில் அவள் தனக்குத்தானே முணுமுணுத்த பாட்டு. எதுவும் விடுபடவில்லை.

மே பன்னிரண்டிலிருந்து இன்று, நவம்பர் பன்னிரண்டு வரை. நூற்று எண்பத்து நான்கு நாள். நாளுக்கு இருபத்து நான்கு மணி. பெருக்கினாள். சுவர்க் கடிகாரத்தை மின்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆறு நாற்பது. ஆறு ஐம்பதுக்கு இன்னும் பத்து நிமிடம். இந்த நொடி வரைக்கும் கணக்குப் பார்த்தால் 4415 மணி 50 நிமிடம்தான் வரும்.

மீதி இருபத்திரண்டு நிமிடம் இன்னும் நடக்கவில்லை.

கோட்டை 4415.50க்குக் கொண்டுபோனாள். மழை. ஓட்டில் விழும் இதே மழை. அவளுடைய மூச்சு. அதற்குச் சற்றுப் பின்னால், அதோடு ஒட்டிக்கொண்டு, இன்னொரு மூச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. பிரம்பு முனகியது. யாரோ நிதானமாக உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு கனமான பொருள் விழுந்தது. வெகுநேரம் எதுவும் இல்லை. அப்புறம் தரையோடு ஒட்டி, ஈரமாக, ஒரு பெண்ணின் குரல்.

"தண்ணி."

அவள் குரல்.

ஃபோனை எறிந்தாள். சுவரில் பட்டு விழுந்தது. திரை அணைந்தது. இருட்டு. மழை.

ஹாலில் நாற்காலி இழுபட்டது.

அவள் வீட்டில் இப்போது பிரம்பு நாற்காலி கிடையாது. ஜூன் மாதமே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மின்னியது. வாசலுக்கு நேராக அந்த நாற்காலி போட்டிருந்தது. அவளைப் பார்த்தபடி. யாரும் இல்லை. பிரம்பு மட்டும் நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது.

இடது தோளில் ஏதோ பிடித்தது. விரல்கள் மரத்தன. நெஞ்சுக்குள் ஒரு கை மெதுவாக மடங்கியது. மெதுவாக. அந்த மெதுவு அவளுக்குத் தெரியும்.

"எந்திரிங்க" என்றாள். "இது என் வீடு."

அசைவில்லை. இந்த நேரத்திலும் தன் வாயிலிருந்து மரியாதைதான் வருகிறது என்பது அவளுக்கு உறைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் மடிந்துகொண்டிருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனை ஒருமையில் சொன்னாள்.

"எந்திரிடா."

தரை கன்னத்தில் பட்டது. குளிர். மறுபடியும் மின்னல்.

பிரம்பு முனகியது. பள்ளம் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்தது. இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக ஒருவர் முன்னால் குனிந்து உட்காருகிற மாதிரி.