பாதிமலைக் கொட்டகை

வியாழக்கிழமை மாலை, சாத்தாமிலிருந்து வந்த ஃபெர்ரி பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம். சங்கவி ஒரு பிளாஸ்க்கையும் மூன்று துண்டுக் காகிதங்களையும் ஷோபனாவின் மேசைமேல் வைத்தாள். அவளை அங்கே அழைத்து வந்தவன் ஆட்டோ ஓட்டும் ஒச்சப்பன். ஐம்பது வயதாகியும், ஊரில் ஏதாவது மர்மம் என்றால் அவனுக்குச் சவாரிகூட மறந்துவிடும்.

“போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி மேடத்தைப் பாத்துருங்கன்னு நாந்தேன் சொன்னேன். ஹெட் கான்ஸ்டபிளா இருந்து ரிட்டயர் ஆனவங்க,” என்றான்.

ஷோபனா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பயந்ததை அப்புறம் சொல்லும்மா. பாத்ததை முதல்ல சொல்லு.”

சங்கவி சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து அவள் தனியாக இந்தத் தீவுக்கு வந்திருந்தாள். உண்மையில் இது இரண்டு பேருக்காகப் போட்ட திட்டம். தினேஷ்குமாருடன் ஐந்து வருடமாகப் பேசிப் பேசி வைத்திருந்த பயணம். அவன் வேறொருத்தியை மணந்துகொண்டு கனடா போன பிறகு, இவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பகலில் மவுண்ட் ஹாரியட் மலையில் நடை. பொழுது சாய்ந்ததும் ஜெட்டிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை. அங்கே யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பாடலாம்.

திங்கட்கிழமை காலை பாதி மலையில், வழிப்போக்கர் உட்காரும் கொட்டகையில் இந்த பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர், காகிதத்தில் மடித்த வெல்லத்துண்டு, ஒரு சீட்டு: ‘தேத்தண்ணி சூடா இருக்கு. குடிச்சிட்டு மெதுவா ஏறு.’

“குடிச்சேன்,” என்றாள் சங்கவி. சொல்லும்போது குரல் இறங்கியது. நமக்காக யாரோ ஒருவர் சூடாக எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அந்தக் கணத்தில் நெஞ்சு நிறைந்துபோனதை அவள் சொல்லவில்லை.

இறங்கும்போது வழுக்கி விழுந்து முட்டியில் அடி. பாதை வெட்டும் தினக்கூலி ஆள் குமரன்தான் கட்டுப் போட்டுவிட்டான். புதன்கிழமை ஹேவ்லாக் தீவுக்குப் போகவேண்டும் என்றதும், படகு நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அது இந்தியில் இருந்ததால் அக்கரையில் தான் தங்கியிருந்த லாட்ஜில் காட்டிப் படிக்கச் சொன்னாள். அன்று மாலை மைக்கிலும் ஹேவ்லாக் போகப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் பாடினாள்.

செவ்வாய்க்கிழமையும் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் சீட்டைப் பிரித்தாள்: ‘முட்டி வலிச்சா அங்கேயே உட்காரு. பொழுதுபட்டதும் பாட்டுக் கடையில இருப்பேன்.’ முட்டியில் அடிபட்டது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அன்று மாலை அறையை விட்டு வெளியே வரவில்லை. புதன்கிழமை ஹேவ்லாக். இன்று காலை மூன்றாவது சீட்டு: ‘நேத்து ஏன் வரல? இன்னைக்கும் காத்திருக்கேன்.’ நிமிர்ந்தால் நாலடி தூரத்தில் குமரன் வெட்டரிவாளோடு நின்றுகொண்டிருந்தான். அவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரி ஓடிவந்து, இனி வேலைக்கு வராதே என்று அவனை அனுப்பிவிட்டார்.

“முட்டியில அடிபட்டது அவனுக்குத்தேன் தெரியும். கேஸ் முடிஞ்சுபோச்சு மேடம்,” என்றான் ஒச்சப்பன்.

“ருக்கோ, கொஞ்சம் பொறு ஒச்சப்பா.” ஷோபனா சீட்டுகளை வரிசையாக வைத்தார். “குமரன் வீடும் எங்க வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. கைதிகளைக் கொண்டாந்த ஜெயில் காலத்துலேருந்தே இங்க இருக்கிற குடும்பம். நாங்க ரெண்டு பேரும் இந்தி ஸ்கூல். நான் வேலையில சேந்த பிறகு தமிழ் எழுத்துக் கத்துக்கிட்டேன். அவன் கத்துக்கல. படகு நேரத்தையே இந்தியிலதானே எழுதினான்?”

சங்கவி சீட்டுகளின் தமிழ் எழுத்தை மறுபடி பார்த்தாள்.

“அடுத்தது, ‘நேத்து ஏன் வரல?’ நீ புதன்கிழமை ஹேவ்லாக் போறேன்னு குமரனுக்குத் தெரியும். மைக்ல சொன்னதால பாட்டுக் கடைக்கே தெரியும். உன் பின்னாடி சுத்துற ஆளா இருந்தா இப்படிக் கேப்பானா?”

“அப்போ…”

“மத்லப், அதாவது, இது உனக்கு எழுதினது இல்லம்மா.”

அந்த வார்த்தை நிம்மதி தந்திருக்க வேண்டும். ஆனால் சங்கவிக்கு உள்ளே எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

“முப்பது வயசுப் பொண்ணுகிட்ட மெதுவா ஏறு, முட்டி வலிச்சா உட்காருன்னு யார் சொல்வாங்க? வயசான பொம்பளைகிட்ட, கூட வாழ்ந்தவன் சொல்ற பேச்சு இது. அப்புறம் இந்தத் தேத்தண்ணி. நம்ம ஊர்ல சாய்ம்பாங்க, டீம்பாங்க. வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிறது சிலோன் மலையிலேருந்து வந்து தோட்டத்துல குடியேறினவங்க வழக்கம். கப்பல்ல போகணுமே, அந்த ஹட் பே பக்கம் நிறைய பேர் இருக்காங்க. பாட்டுக் கடையில பாடாம உட்கார்ந்திருந்த வயசான ஆள் யாரையாவது பாத்தியா?”

பார்த்திருந்தாள். ஞாயிறும் திங்களும், மூலையில், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்ட ஒருவர். எல்லோரும் மைக்கைப் பார்க்க, அவர் மட்டும் எதிரிலிருந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒச்சப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அந்தச் சந்துல அங்கம்மாக்கா இருக்கு மேடம், மக திவ்யா வீட்ல. சுகருக்காக தினம் காலையில மலையேறும். முட்டி வீங்கிப்போயி ரெண்டு வாரமா ஏறல. நாந்தேன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.”

“முதல்ல மேஸ்திரி வீடு,” என்றாள் சங்கவி.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, காலையில் அவனை வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். அங்கிருந்து குமரன் வீட்டுக்குப் போய்ச் சங்கவி மன்னிப்புக் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், “டீக் ஹை, சரி,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

பாட்டுக் கடையில் அதே மூலையில்தான் அவர் இருந்தார். பெயர் யோகராஜ். ஷோபனா பிளாஸ்க்கை எதிரில் வைத்ததும் அவர் எழுந்தேவிட்டார்.

“அவ குடுத்தனுப்புனாளா?”

“உட்காருங்க,” என்றார் ஷோபனா. “ஹட் பேலேருந்து எப்ப வந்தீங்க?”

அவர் ஒளிக்கவில்லை. தோட்ட வேலை போன பிறகு, மகளோடு போய்விடலாம் என்று மனைவி அங்கம்மா கெஞ்சியிருக்கிறாள். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இவர் முறுக்கிக்கொண்டார். அப்படியானால் என் மகள் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு அவள் கப்பலேறிவிட்டாள். அதற்கு மூன்று வருடம் ஆகிவிட்டது.

“காலையில மலைக்குப் போறான்னு கப்பல்ல ஒருத்தர் சொன்னாருங்க. வாசலைத்தானே மிதிக்கக் கூடாது, மலையில வைக்கலாமேன்னு விடியறதுக்கு முன்ன வச்சுட்டு எறங்கிடுவேன். மத்தியானம் போயி எடுப்பேன். முதல் ரெண்டு நாளும் குடிச்சிருந்தா, நேத்துத்தான் தொடல. எங்கையெழுத்தைப் பாத்துட்டுத்தானே குடிச்சிருக்கா? கோவம் தணிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கு பிளாஸ்க்கே இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னு…”

ஷோபனா சங்கவியைப் பார்த்தார். இதைச் சொல்ல வேண்டியது சங்கவிதான் என்று அவர் நினைத்தது அவளுக்குப் புரிந்தது.

“குடிச்சது நான்தான் ஐயா. அவங்க முட்டி வலியால ரெண்டு வாரமா மலைக்கே வரல. எனக்கு வச்சதுன்னு நெனச்சுட்டேன்.”

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார். யாரோ மைக்கில் பாடி முடித்தார்கள், கைதட்டினார்கள்.

“நல்லா இருந்துச்சா, பிள்ளை?” என்று கேட்டார்.

“நல்லா இருந்துச்சு. யாரும் எனக்கு அப்படி வச்சதில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாசலை மிதிக்க வேணாம் ஐயா. வாசலுக்கு வெளியில நின்னு கூப்பிடுங்க. நான் கூட வர்றேன்.”

சந்தில் நான்காவது வீடு. யோகராஜ் படிக்குக் கீழேயே நின்றார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மூன்றாவது முறைதான் பெயர் வந்தது. உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். கதவு திறந்தது.

அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

“செருப்ப வெளிய கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் தொடச்சேன்,” என்றாள்.

சங்கவி சத்தமில்லாமல் திரும்பி ஜெட்டிக்கு நடந்தாள். கடைசி ஃபெர்ரிக்கு இன்னும் நேரம் இருந்தது. செருப்பைக் கழட்டிவிட்டு உள்ளே வரச் சொல்லும் அந்த இரண்டு வரியை எந்த வீட்டிலாவது, தன்னிடம் யாராவது ஒருநாள் சொல்வார்கள் என்று நினைத்தபடி, அக்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.