காத்திருப்பின் கூலி

மழை பொய்த்த பருவத்தில் ஹரிப்பிரியாவின் வேலையிழப்பு உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் வேலையில்லாதவள் அல்ல என்று அவள் கையில் கட்டியிருந்த பட்டையே சாட்சி சொல்லிவிட்டது.

அந்தப் பட்டைக்கு உழைப்புமானி என்று பெயர். வேலையை மறைத்துத் தொகை வாங்குகிறவர்களைப் பிடிக்கத்தான் அரசு அதை எல்லோர் கையிலும் கட்டிவிட்டிருந்தது. தசையின் அசைவோடு மனத்தின் முனைப்பையும் அது அளந்துவிடும். ஹரிப்பிரியாவுக்குக் கமுதிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். விதைக்க வழியில்லாமல் அது கரம்பாய்க் கிடந்தாலும், காலையில் வரப்பில் போய் நின்று மேகம் பார்ப்பாள். பெய்தால் மல்லி போடுவதா சோளம் போடுவதா என்று யோசிப்பாள். அத்தனையையும் மானி விவசாய வேலையாகப் பதிந்து வைத்திருந்தது.

பொய் சொன்னவள் என்ற பேர் அவளைத் தூங்கவிடவில்லை. தொகை வராவிட்டால் நிலத்தைச் சூரியத்தகட்டுக் கம்பெனிக்கு விட வேண்டியதுதான். மேல்முறையீடு செய்யப் பரமக்குடிக்குப் புறப்பட்டாள்.

அங்கே கூடம் நிறைய அவளைப்போன்ற சிறு விவசாயிகள். எல்லோருக்கும் இதே வழக்கு. விசாரணை அதிகாரி சந்தோஷ்பாண்டி நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்தடித்தார். ஒருவழியாக அவள் முறை வந்தபோது, தீர்ப்புச் சொல்லும் இயந்திரமான தீர்வன் முன்னால் மானியின் பதிவை விரித்துக் காட்டினார். நிலத்தை நினைத்துக் காத்திருந்ததும் உழைப்புதான், தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவருக்கு உதவித்தொகை கிடையாது என்றார்.

ஹரிப்பிரியா மறுக்கவில்லை.

"சரிங்க சார், மழைக்குக் காத்திருந்தது வேலைன்னே வச்சுக்குவோம். இத்தனை நாளா இந்த ஆபீஸ்ல காத்துக்கிடந்தேனே, அது யாருக்குச் செஞ்ச வேலை?"

சந்தோஷ்பாண்டி சிரித்துவிட்டார். தீர்வனுக்குச் சிரிக்கத் தெரியாது. அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தின் பதிவை எடுத்துப் பார்த்தது. வரப்பில் நின்றபோது உழைத்ததைவிட அவள் மனம் இங்கே கடுமையாக உழைத்திருந்தது.

"இதுவும் உழைப்பே," என்றது தீர்வன். "காக்க வைத்தவரே வேலை வாங்கியவர். துறை இவருக்குக் கூலி தர வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கும்."

அந்தக் கூலியில் ஹரிப்பிரியா நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். அடுத்த மழைக்குச் சோளம் விதைத்தாள். துறையோ பயந்துபோய், எந்த விண்ணப்பத்தையும் வந்த கையோடு தீர்வனிடம் தள்ளிவிடத் தொடங்கியது. கூடம் காலியாயிற்று. விசாரிக்க வழக்கே இல்லாமல் போனதால் சந்தோஷ்பாண்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவரும் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். பதில் உடனே வந்தது. விண்ணப்பதாரர் அடுத்த வேலையைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதாக மானி காட்டுகிறது, கவலையும் உழைப்பே, அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே செய்துகொள்கிறார், எனவே தொகை இல்லை.