ஒன்பதாம் அறையின் வெந்நீர்

ஒரு கண்ணுக்கு லாட்ஜ் முதலாளி போட்ட விலை பதினைந்தாயிரம். வலது கண். இடது கண் பிழைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அது பேரத்தில் சேரவில்லை.

பணத்தோடு ஒரு தாளும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. 'என் கவனக்குறைவால்தான் குழாய்கள் வெடித்தன' என்று தம்பி கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால், அப்புறம் எவனும் அவனைச் சோலார் ஹீட்டர் மாட்டக் கூப்பிட மாட்டான்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்குற வால்வை நான் தொடவே இல்லக்கா," என்றான் கட்டுக்குள்ளிருந்து. "தண்ணி இல்லாத குழாய் வெயில்ல அடுப்பாட்டம் காயும். அதான் போர்வை போத்திட்டுச் சாப்பிடப் போனேன். ஆறு மணிக்கு மேலதான் தண்ணி விடணும்னு முதலாளிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். திரும்பி வந்தா போர்வையக் காணோம். என்னடான்னு குனிஞ்சேன்..."

அக்கா கண்ணாடிக்கடைக்காரி. தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

மாலை 4.40. லாட்ஜின் மொட்டைமாடி. இருபது கண்ணாடிக் குழாய்களில் ஒன்பது நொறுங்கிக் கிடந்தன. எஸ்.ஐ. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"1.20க்கு ஸ்பானரைத் தவறவிட்டு உடைச்சுட்டான் சார்," என்றார் முதலாளி.

அக்கா ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அடி விழுந்த கண்ணாடி நட்சத்திரமா விரியும். இது அலையா நெளிஞ்சு ஓடியிருக்கு. காய்ஞ்ச குழாய்ல பச்சத்தண்ணி பாய்ஞ்சிருக்கு."

"அப்ப அவனேதான் அவசரப்பட்டுத் திறந்திருப்பான்."

"போர்வைய எடுத்தது யாரு?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். போர்வை என்னோடது, மூடி வச்சா எப்படிச் சூடாகும்? அது கொலைக்குத்தமா? வால்வுப் பக்கம் நான் போகல. கல்லாவ விட்டு எழுந்திருக்கவே இல்ல."

அறை பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார். "நான் போர்வைய மட்டும்தான் எடுத்தேன் தாயி. வேற எதையும் தொடல. பழைய கீஸரையெல்லாம் நேத்தே கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. காலையிலேருந்து குளிக்கிறவங்க எல்லாம் என்னத்தான் திட்டுறாங்க."

அக்காவின் கால் அங்கேயே நின்றது. பிறகு விறுவிறுவென்று கீழே இறங்கினாள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

4.55. கல்லா. யாரையும் கேட்காமல் பில் புத்தகத்தைப் புரட்டினாள். முதலாளி கையை நீட்டினார், எஸ்.ஐ. அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இது யார் எழுத்து?"

"என்னோடதுதான். அதுக்கென்ன?"

"அறை ஒன்பது. வந்தது 12.50. மூணு மணி நேர வாடகை. போனது 3.50. கீழே, வெந்நீர்க் குளியல், அறுபது." விரலை அந்த வரியிலேயே அழுத்தினாள். "கீஸர் கிடையாது. புது ஹீட்டர்ல ஆறு மணிக்கு மேலதான் தண்ணி. நாலு மணிக்குள்ள போற ஆளுக்கு எந்த வெந்நீர வித்தீங்க?"



எஸ்.ஐ. பதிவேட்டிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஒன்பதாம் அறைக்காரர் பொரிந்து தள்ளினார்: "நான் இப்பவே குளிக்கணும்னேன் சார். 'இதோ மேல போய்த் திறந்துட்டு வரேன்'னு அவரேதான் ஏறினாரு. அப்புறம் ஒரு சத்தம். வெந்நீரும் வரல, காசும் திரும்பி வரல!"

"அறுபது ரூபாய்க்கா?" அக்கா பில் புத்தகத்தைக் கல்லா மேல் அறைந்தாள். "அறுபது ரூபாய்க்கு என் தம்பி கண்ணப் பிடுங்கிட்டு, பழியையும் அவன் தலையில கட்டப் பார்த்தியா?"

"அம்மா, பேசி முடிச்சுக்கலாமே. ஒரு இருபத்தஞ்சு..."

பேரம் பேசியே வளர்ந்தவள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்விலை சொல்லவில்லை.

எஸ்.ஐ. முதலாளியை ஜீப்பில் ஏற்றினார். தம்பி வாங்கிப் போட்ட குழாய்களுக்கு லாட்ஜ் இன்னும் ஒரு பைசா தரவில்லை என்பதால், அக்கா மறுபடி மேலே ஏறி, முழுசாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். போகும்போது கல்லாவில் ஒரு ரசீது வைத்துவிட்டுப் போனாள்:

மாட்டியது இருபது. திரும்ப எடுத்துக்கொண்டது பதினொன்று. ஒன்பது பாக்கி, மற்றது கோர்ட்டில்.