கையெழுத்துப் போட்ட பிணம்

முதலாளி செத்துக் கிடந்தார். கையெழுத்துப் போடாமல்.

காலை எட்டு மணி. சலவை ஆலையின் மாடி அறை. மேஜை மேல் கவிழ்ந்த தலை. பின்மண்டையில் உறைந்த ரத்தம்...

பாய்லர்காரன் நாடி பிடித்துப் பார்த்தான். இல்லை.

பக்கத்தில் கிடந்த தன் விசா விண்ணப்பத்தைப் புரட்டினான். அதிலும் இல்லை. கையெழுத்துக் கட்டம் காலி.

கீழே ஓடி மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் மாடிக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் போனது.

இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து முதலாளியோட சண்டையாமே? மேனேஜர் சொன்னார்."

"சண்டை இல்ல சார். கெஞ்சினேன். விசா முடிய நாலு நாள்தான் இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நீட்டிப்பாங்க."

"போடலைன்னதும் போட்டுத் தள்ளிட்டே."

"சார், எனக்கு ஸ்பான்சரே அவர்தான். அவர் போனா நானும் மூட்டை கட்டணும். அவர் தும்மினாக்கூட மாத்திரையோட நின்னவன் நான். உட்கார்ந்திருக்கிற கிளையை எவனாவது வெட்டுவானா?"

இன்ஸ்பெக்டர் மோவாயைச் சொறிந்தார்.

"சரி, போ. கூப்பிட்டா வரணும்."

பாய்லர் அறைக்குத் திரும்பினான். பின்னாலேயே வந்த மேனேஜர் கதவைச் சாத்தினார். கையில் அதே விண்ணப்பம்...

காலிக் கட்டத்தில் கையெழுத்து!

"நேத்தே போட்டு வச்சிட்டார்ப்பா. நேத்துத் தேதி, செல்லும். கொண்டுபோய்க் கொடு. மூணு வருஷத்துக்குக் கவலையில்ல."

"நான் என்ன செய்யணும்?"

"நேத்து ஆறு மணிக்கு நான் கிளம்பினதைப் பார்த்தேன்னு சொல்லணும்."

"பார்க்கலையே."

"இப்போ பார்த்துக்கோ."

மேனேஜர் போய்விட்டார்.

மூன்று வருஷம்! அடுத்த மாதம் மனைவியும் மகளும் வருவதாக இருந்தது. பள்ளியில் இடம்கூடக் கேட்டாயிற்று. மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் உடனே சொன்னாள்.

"அந்தாளு நாளைக்கு உங்களையும் முடிச்சிடுவான். காகிதத்தைப் போலீஸ்ல கொடுத்துட்டு வந்து சேருங்க. கூழோ கஞ்சியோ இங்கேயே குடிச்சுக்கலாம்."

மாடிப்படி ஏறினான். விண்ணப்பத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"காலையில பிணத்தைப் பார்த்தப்போ இது காலியாத்தான் இருந்தது சார். இப்போ மேனேஜர் கொண்டுவந்து கொடுத்தார். செத்தவர் எழுந்து போட்டாரா?"

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வாசலைப் பார்த்தார். வாசலில் கான்ஸ்டபிள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் வெளியே வந்தது. சலவைக்கு வந்த ஓட்டல் விரிப்புகளை மேனேஜர் பொதி பொதியாகக் கடத்தியது, முதலாளி கையும் களவுமாகப் பிடித்தது, இரும்புக் கம்பி...

"நல்ல காரியம் பண்ணினே," என்றார் இன்ஸ்பெக்டர். "பாஸ்போர்ட்டைக் கொடு."

கொடுத்தான்.

"எந்த பிளேன்ல சார் அனுப்பறீங்க?"

"அனுப்பறதா? நீதான் ஒரே சாட்சி. தீர்ப்பு வர்ற வரைக்கும் நாட்டை விட்டு நகரக் கூடாது. அதுவரைக்கும் தங்க, வேலை பார்க்க, கோர்ட்டே அனுமதி கொடுக்கும்."

பாய்லர்காரன் கிட்டே வந்தான்.

"கேஸ் எத்தனை வருஷம் ஓடும் சார்?"

"எட்டு, பத்துகூட இழுக்கும். அந்தாளு பெரிய வக்கீலைப் பிடிச்சிருக்கான்."

"ஒண்ணும் அவசரமில்ல சார். ஆற அமர விசாரிங்க."