பூவரசுப் பக்கத்து ஜன்னல்

விடிந்தும் விடியாததுமாகச் சாலம்மாளின் குரல் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கெளம்பலியா அந்த மவராசி? காலைப் பஸ்ஸ வுட்டா அப்பறம் மத்தியானம்தான். நாளைக்கிப் பொண்ணு வூட்டுக்காரங்க உள்ள நொழையறப்ப இவ மொவத்துலயா முழிக்கணும்? எம் புள்ளைக்கி இருக்கற கதி போதாதா சாமீ…!"

சமையல்கட்டில் ராஜாம்பாள் பால்சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றரை வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய் அது. துணிமணிகளை நேற்றே ஒரு பையில் திணித்து வைத்தாகிவிட்டது. சங்கராபுரத்தில் அவளுடைய அண்ணன் வீடு. "ரெண்டு நாளு இருந்துட்டு வா" என்றுதான் மாமியார் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் கட்டியிருக்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும், இந்த ரெண்டு நாள் எத்தனை நாள் என்று. அழைத்து வர யாரும் வரமாட்டார்கள். மூத்த மருமகள் இருக்கும்போது இளையவனுக்குப் பெண் பார்க்கிற வீட்டில், மூத்தவளையே அப்புறப்படுத்துகிறார்கள் என்றால் அதற்குப் பேர் வேறென்ன?

வெளியே டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம். செல்லமுத்து, அவளுடைய கொழுந்தன், மாப்பிள்ளை ஆகப்போகிறவன், முன்வாசல் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டு ஜன்னல்கள் இருந்த லட்சணத்தைத் திருக்கோவிலூர்க்காரர்கள் பார்த்தால் பெண் கொடுப்பார்களா என்று அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. ஒன்றில் கீல் ஆணியின் ஓட்டை பெரிசாகிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கில் சிம்பைப் பசையில் தோய்த்து ஓட்டையில் திணித்து, அதிலே திருகாணியை முறுக்கினான். இன்னொன்றில் கொக்கி எட்டவில்லை. காற்றடித்தால் ராத்திரி முழுக்கப் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிய மக்குப் பசை காய்ந்து உதிர்ந்து, லாரி போனால் கண்ணாடி பல்லை நறநறவென்று கடிக்கும். மழைக்கு உப்பிய கதவுகளை அப்போதே இழைக்கவிடாமல் தடுத்ததும் அவன்தான். "ஈரத்துல இழச்சா வெயிலுக்கு வெரலு நொழையற இடுக்கு வுழும், மாசி வரட்டும்" என்றான். இப்போது மாசி.

அவன் உட்கார்ந்தபடியேதான் வேலை செய்வான். இடது கால் மடங்காது. ஒரு காலத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்குக் கரும்பும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு லாரியில் பறந்தவன். இனி கிளட்சை மிதிக்க முடியாது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் சாலம்மாளுக்கு வயிறு எரியும். எரிகிற வயிறு ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் எரியும்.

"மேக்கால ஜன்னல மட்டும் தொடாதடா!" என்று சாலம்மாள் மகனைப் பார்த்துக் கத்தினாள். "அது அப்பிடியே கெடக்கட்டும்!"

"ரோட்லேர்ந்து பாத்தா அதான்மா முன்னாடி தெரியுது. அவுங்க பஸ்ஸ வுட்டு எறங்குனதும் கண்ணுல படுறதே அதான்."

"சொன்னா கேளுடா…"

கேட்கிற பிள்ளையா அவன்!

அந்த ஜன்னலின் கதைதான் ராஜாம்பாளின் கதையும். அதற்கு நேரே ரோட்டோரம் ஒரு பூவரச மரம் நின்றது. அவளுடைய ஒரே பெண்குழந்தைக்கு அதன் கிளையில்தான் தூளி கட்டினாள். ஜுரத்தில் குழந்தை போன பிறகு சாயங்காலமானால் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சோறு இறங்காது. கூப்பிட்டால் காது கேட்காது. பிறகு ஒரு ஆடி மாதம், "மழையில கதவு உப்பிக்கினு தொறக்க வரல, சும்மா போட்டு இழுக்காத" என்று மாமியார் சொன்னாள். சரியென்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் எண்பத்தேழு புரட்டாசி வந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஊரே ரோட்டுக்கு வந்த நாள்கள். மறியலுக்கு வெட்டிய மரமெல்லாம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. செல்லமுத்து கோடரியோடு முதல் ஆளாக நின்றான். ஒரு காலையில் அந்தப் பூவரசையும் வெட்டிச் சாய்த்துவிட்டான். ராஜாம்பாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து, தெருவே பார்க்க, "இனிமே நீ இந்த வூட்டுப் படி ஏறுனா பாத்துக்க… உன்ன உள்ள வுட மாட்டேன்டா!" என்று கதறினாள். பெற்ற வயிறு. அது வேறெப்படிப் பேசும்?

அன்றைக்கே மத்தியானம் போலீஸ் ஊருக்குள் வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். செல்லமுத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கு ஜன்னலுக்கு வந்தான். அதன் மேல்சட்டம் உளுத்துக் கம்பி ரெண்டு கழன்றுபோய் வருஷக்கணக்காகிறது. ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு அவன் உள்ளே குதிக்கிற வழியே அதுதான். ஆடிக்குப் பிறகு லாரியோடு அலைந்ததில் அந்த வழியாக வந்ததில்லை. அன்று கதவு திறக்கவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தான். உள்தாழ்ப்பாள் கொண்டியின் மேல் அண்ணியின் கை! பின்னால் பூட்ஸ் சத்தம். சுவரேறிக் கிணற்றுமேட்டுப் பக்கம் குதித்தான். கால் மூன்றாக முறிந்தது.

"புடிச்சிக்கினு இருந்தா! காலையில சொன்னத மத்தியானம் செஞ்சி காட்டிட்டா!" என்று சாலம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "உப்புன கதவுன்னா ரெண்டு பேரு மல்லுக்கட்டுனா தொறக்காதா?" என்று ஊரும் கேட்டது. ராஜாம்பாள் எத்தனை தரம் சொன்னாள்! தள்ளினேன், முட்டினேன், நகம் பெயர்ந்தது என்று அழுதாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அவள் புருஷன் சடையன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மா பக்கம் ஒரு பார்வை, பெண்டாட்டி பக்கம் ஒரு பார்வை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான்.

இப்போது செல்லமுத்து தரையில் நகர்ந்து நகர்ந்து அந்த ஜன்னலடிக்கு வந்துவிட்டான்.

"உள்ள யாரு… எண்ணே! சித்த கொண்டிய எடுத்துட்டு இப்பிடித் தள்ளு!"

சடையன் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தான். ராஜாம்பாள் பையும் கையுமாக நடுவீட்டில் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கொண்டியை எடுத்தாள், தள்ளினாள்.

அசையவில்லை.

வெளியிலிருந்து அவன் இழுத்தான். அசையவில்லை. இடுக்கில் அதே கை. ஒன்றரை வருஷமாகக் கனவிலும் அவனைச் சுட்ட கை. புறங்கை நரம்பு புடைக்க, விரல் வெளுக்க, அந்தக் கை தள்ளிக்கொண்டிருந்தது.

"தள்றேன் தம்பி… வரல…" என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு.

செல்லமுத்துவின் கை நின்றுவிட்டது. வீட்டிலிருக்கிற அத்தனை ஜன்னலும் மாசி வெயிலில் வற்றிச் சுருங்கி ஆடிக்கொண்டிருக்கிறது. இது மட்டும் எப்படி உப்பியிருக்கும்? கதவைச் சுற்றி எங்கும் இடுக்கு. பிறகு எது பிடிக்கிறது? உளியை எடுத்துப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினான். பொங்கலுக்குப் பொங்கல் அப்பிய பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்தது. அடியில் மெழுகு. மெழுகுக்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில், கதவின் கீழ்ச்சட்டத்தைத் துளைத்து நிலையில் இறங்கியிருந்தது, சிவப்பு நூல் சுற்றிய இரும்பாணி, சுண்டுவிரல் தடிமன்.

பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. மலையில் மந்திரித்துக் கொடுக்கிற ஆணி. செத்தது திரும்பி வராமல் வழியைக் கட்டுவதற்கு அடிப்பது.

"யம்மா!" என்று அவன் போட்ட கூச்சலில் சடையன் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "யம்மா… இது இன்னா? இங்க வா… இது இன்னான்னு சொல்லு!"

சாலம்மாள் வந்தாள். ஆணியைப் பார்த்தாள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான்டா…" என்றாள். "கரியாலூரு மலைப் பூசாரிகிட்ட போனேன். இவ சோறு தண்ணி இல்லாம அந்த ஜன்னல்லயே கெடந்தா. கொழந்த தாயக் கூப்புடுது, அந்த வழியக் கட்டலன்னா இவளையும் இட்டுக்கினு பூடும்னு சொன்னாரு. கதவையும் நெலையையும் சேத்து அடின்னாரு. வெளிய சொன்னா பலிக்காதுன்னாரு. இவ கழனிக்குப் போனப்ப நானே அடிச்சேன். இவ உசுரு நெலைக்கணும்னுதான்டா அடிச்சேன்…!"

"அப்ப அன்னிக்கி…" செல்லமுத்து தன் இடது காலைத் தட்டிக் காட்டினான். "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப உனக்கு ஞாபகம் வரலியா?"

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வந்துது! உங் காலுக்குக் கட்டுப் போடறப்பவே வந்துது. பெத்தவளே புள்ளைய வெளிய வச்சி அடச்சிட்டேன்னு எப்பிடிடா சொல்லுவேன்? எந்த வாயால சொல்லுவேன்? இவ மேல போட்டேன். போட்டுட்டு எடுக்கத் தெரியல… இவள ஏசாத நாளு எனக்குத் தூக்கம் வராதுடா! ஏசுனாதான் அது பொய் இல்லன்னு எனக்கே தோணும்…"

செல்லமுத்து உளியை எறிந்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்து, வாசலைச் சுற்றி இழுத்து இழுத்து உள்ளே வந்தான். ராஜாம்பாளின் காலடியில் விழுந்தான்.

"அண்ணி… என்ன செருப்பால அடிங்க அண்ணி. உங்க மரத்த வெட்டுனேன். உங்களப் பாவின்னு சொன்னேன்…"

"எழுந்திரு தம்பி. கால நீட்டிக்கினு உக்காரு. வலிக்கப்போவுது," என்று அவனைத் தூக்கினாள். அவளுக்கும் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. "அன்னிக்கி அந்தக் கதவு தொறந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும் தம்பி… நீ இன்னிக்கும் வண்டி ஓட்டிக்கினு இருந்திருப்ப." அந்தக் கால் இனி ஒருநாளும் மடங்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உண்மை வந்ததும் எலும்பு நேராகிவிடுமா என்ன!

வெளியே சாலம்மாள் இன்னும் தரையில்தான் கிடந்தாள். ராஜாம்பாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவி முகத்தை மூடிக்கொண்டாள். "என்னத் தொடாதடி… எந் தலையில மண்ண வாரிக் கொட்டுடி…" ராஜாம்பாள் அந்தக் கையை விலக்கி அவளைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"எங் கொழந்த செத்தப்ப நானும் சாவணும்னுதான் இருந்தேன் அத்தே. நான் இருக்கணும்னு நெனச்சது இந்த வூட்ல நீங்க ஒருத்திதான்னு இன்னிக்குத்தான் தெரியுது. அது போதும்," என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்படியொரு அழுகையைக் குழந்தை போன அன்றுகூட அந்த வீடு கேட்கவில்லை.

தன்னை வதைத்தவள்மேல் கோபப்பட ராஜாம்பாளிடம் ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து உள்ளே வந்தாள். சடையன் அவளுடைய பையைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

"போவ வேணாம் ராஜாம்பா," என்றான். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? "எனக்குத் தெரியும். நீ அப்பிடிச் செய்யிற ஆளு இல்லன்னு எனக்கு அன்னிலேர்ந்தே தெரியும்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான், பாவி.

ராஜாம்பாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியுமா?"

"சத்தியமா."

"அத்தைய வுடுங்க, புள்ள கால் போன பயம். தம்பிய வுடுங்க, அவுரு என் கையதான் பாத்தாரு. நீங்களும் நம்பலன்னுதான் இத்தினி நாளு நெனச்சிக்கினு இருந்தேன். புருஷன் நம்பலன்னா இன்னா பண்றது, என் தலையெழுத்துன்னு மனச தேத்திக்கினேன். நம்பிக்கினுதான் இருந்தீங்களா? நம்பிக்கினே… என்னத் தெருவே காறித் துப்பறப்ப துண்ட உதறிக்கினு போனீங்களா?"

"அம்மா எதிர்ல நான் இன்னாத்தச் சொல்றது? எப்பிடியும் ஒருநாளு செரியாப் பூடும்னு…"

"இன்னிக்கிக் காலையில நான் பையக் கட்டறப்பயும் தெரியுமா?"

சடையன் தலையைக் குனிந்தான்.

அவள் கையை நீட்டினாள். அவன் பையைக் கொடுக்கவில்லை. அவளே மெல்ல அவன் விரல்களிலிருந்து அதைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். சாலம்மாள் வாசலிலிருந்து, "போவாதடி… எங் கண்ணு, போவாதடி… நாளைக்கி அவுங்க வந்தா மூத்த மருமவ எங்கன்னு கேப்பாங்கடி!" என்று அலறினாள்.

"காலையில நீங்க போன்னப்ப, வேற போக்கு இல்லாம கெளம்புனேன் அத்தே. இப்ப நானாத்தான் போறேன். கேட்டா அண்ணன் வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. பொய் இல்ல," என்றாள். செல்லமுத்துவின் தலையைத் தொட்டு, "அந்தப் பொண்ண நல்லா வச்சிக்க தம்பி. அதுக்கு ஒண்ணுன்னா வாயத் தொறந்து பேசு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சடையன் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தான். பஸ் வருகிற வரைக்கும் பக்கத்தில் நின்றான். தூரத்தில் புழுதி தெரிந்தது. அவள் ஒரு தரம் அவன் முகத்தைப் பார்த்தாள், இப்போதாவது ஏதாவது சொல்வானா என்று. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பஸ் நின்றது. அவள் ஏறினாள். பஸ் கிளம்புகிற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.