பெயரிடாத புள்ளி

தொலைநோக்கி எடுத்த நேற்றைய வானப் படத்தில் அந்த இடம் வெறும் கறுப்பாக இருந்தது. இன்றைய படத்தில் அங்கே ஒரு புள்ளி. ஆறிப்போன தேநீர் வாடையும் ஹீட்டரின் கருகல் நெடியும் கலந்து அடிக்கும் வானாய்வகத்தின் அந்தச் சின்ன அறையில், இரண்டு படங்களையும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வயிற்றெரிச்சல்தான்.

போன ஆண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் வெடித்துச் சிதறும் நட்சத்திரம் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். தன் பேராசிரியரிடம் காட்டினாள். "சபாஷ்மா, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டார், அறிவிப்பில் அவர் பெயர் மட்டும் இருந்தது. பாராட்டு விழாவுக்கு நாற்காலி போட ஆள் போதவில்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். போட்டாள்.

அதனால் இந்தப் புள்ளியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தூசியோ என்று சந்தேகம் வந்தது. தொலைநோக்கியைப் பராமரிக்கும் மெக்கானிக் கேமராவைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது பளிச்சுனு இருக்கு மேடம். துடைக்கணும்னா உங்க கண்ணைத்தான் துடைக்கணும். போய்த் தூங்குங்க" என்று சிரித்தார்.

"இனிமே நீங்க ராத்திரி தங்க வேணாம்ணே. நான் தனியா சமாளிச்சுக்கிறேன்."

அடுத்தடுத்த இரவுகளில் கூரையைத் திறந்து மூடும் மோட்டாரின் முனகலும் தகரத்தில் உரசும் காற்றும் தவிர வேறு துணையில்லாமல், அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நட்சத்திரம் மங்குவதற்கும் பிரகாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இதற்கு எந்த முறையும் இல்லை. அவள் திரைக்கு முன் குனிந்தால் பெருத்தது. எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால், அந்த நேரத்துப் படங்களில் மட்டும் சிறுத்திருந்தது. ஒருநாள் தொலைநோக்கியை வானத்தின் மறுகோடிக்குத் திருப்பினாள். அங்கேயும் இருந்தது, படத்தின் நட்டநடுவில்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பெயர் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

ஓர் இரவு பனி இறங்கியது. தொலைநோக்கியின் கண்ணாடி நனையக் கூடாதென்று கூரையை மூடினாள், மோட்டார்களின் மின்சாரத்தையும் துண்டித்தாள். கேமராவை நிறுத்த மறந்துவிட்டாள். அது பாட்டுக்கு அடுத்த படத்தை அனுப்பியது.

முழுக் கறுப்பு. நடுவில் புள்ளி. முன்பைவிடப் பெரிதாக.

கடைசியில் பேராசிரியருக்கே போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், ஒரு புதுப் புள்ளி..."

"நீயும் பாத்துட்டியா?" கிசுகிசுப்பாகக் கேட்டார். "யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல சார்."

"நானும் சொல்லல. ஒரு மாசமா வீட்டு மாடியிலருந்து பாத்துட்டிருந்தேன். பேரு நமக்கு வரட்டுமேன்னு... சரி, கூரை திறந்துதானே இருக்கு?"

"மூடிட்டேன் சார்."

அவர் குரல் இன்னும் தாழ்ந்தது.

"மூடியிருக்கக் கூடாதும்மா. நானும் முந்தாநாள் ஜன்னலை மூடினேன். அதுலருந்து வெளியே போகவே மாட்டேங்குது."

"எது சார்?"

"என் வொய்ஃப் தூங்கிட்டிருக்கா. அவ முகத்துக்கு மேலே நிக்குது. நான் கண்ணை எடுக்கலை. எடுத்தா இறங்கிடும். நீ..."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பக்கத்துத் தொலைநோக்கி அறைக்குள் ஏதோ உரசியது. இரும்பு இரும்போடு. மெதுவாக.

அவள் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து வந்த திரையின் மங்கல் தவிர உள்ளே இருட்டு. அண்ணாந்து பார்த்தாள். கூரை இடைவெளியில்லாமல் மூடியிருந்தது.

அதற்குக் கீழே, புள்ளி.

அதில் வெளிச்சம் இருந்தது. ஆனால் எதன்மேலும் விழவில்லை. சுவரில் இல்லை. அவள் கையில் இல்லை.

கண் எரிந்தது. இமைக்கக் கூடாது. இமைக்கக் கூடாது.

இமைத்தாள்.

கொஞ்சம் கீழே இருந்தது.

மறுபடி அந்த உரசல். மின்சாரமே இல்லாத தொலைநோக்கி, புள்ளியைத் தொடர்ந்து, தன் பெரிய வாயைத் தாழ்த்திக்கொண்டே வந்தது. கூரையிலிருந்து சுவருக்கு. சுவரிலிருந்து கதவுக்கு.

அவளுக்கு நேராக வந்ததும் நின்றது.