ஸ்ரீரங்கனின் தொடக்க ஃபைல்

வஜீஹா நேற்று எண்ணியபோது இருபத்தேழு ஃபைல்கள் இருந்தன. இப்போது இருபத்தாறு.

1979 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை மதியம். அடையாற்றில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் அவளைத் தவிர யாருமில்லை. வெளியே மழை விடாமல் கொட்ட, உள்ளே ஏசியின் முனகலோடு சூடேறிய எண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த வாடை மெல்ல மெல்ல மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த டெர்மினலுக்குத் திரை கிடையாது. அவள் அடிப்பதும் அது சொல்லும் பதிலும் காகிதச் சுருளில்தான் பதியும். பட்டியல் கேட்டு மறுபடி ls என்று அடித்தாள். ஒரு மூச்சு நேரம் தயங்கி, பிறகு தடதடவென்று பதில் வந்தது.

இருபத்தைந்து.

பார்க்கப் பார்க்கக் குறைந்தன. மூன்று வருஷம் உழைத்த வெள்ளக் கணக்கு. நாளைக் காலை அச்சிட்டுக் கொடுக்காவிட்டால் அவள் பெயரில் ஆய்வேடு கிடையாது.

அதற்குச் சொந்தம் கொண்டாடியவன் ஒருவன்தான்: கூட வேலை பார்த்த மயிலாப்பூர் ஸ்ரீரங்கன். "கணக்கு என்னோடது. நீ டைப் அடிச்சே, அவ்ளோதான்" என்று எல்லார் எதிரிலும் சிரிப்பான். இரண்டு ஆள்காட்டி விரல்களால் மட்டும், ஆணி அறைவதுபோல் அடிப்பான். ஸ்கூட்டர் விபத்தில் அவன் போய் நாற்பது நாள்.

பயப்பட அவளுக்கு மனமில்லை. எந்திரத்தில் எதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஒரு சொல்லை அடித்ததும், அதை வாங்கி எந்திரத்தை ஓட்டும் ஷெல் நேராகக் கட்டளையைத் தேடிப் போய்விடாது. முதலில் மாற்றுப்பெயர்ப் பட்டியலைப் புரட்டும். அந்தச் சொல்லுக்கு எதிரே வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதைத்தான் செய்யும். ls-க்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, காட்டு என்று அடித்தாள்.

காட்டியது. ls என்றால், முதல் ஃபைலை ஸ்ரீரங்கனின் இடத்துக்கு நகர்த்து. பிறகு பட்டியல் கொடு.

அவள் இதை எழுதவில்லை. ஷெல் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முதலில் படிக்கும் தன் தொடக்க ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஒரே வரி: ஸ்ரீரங்கனின் தொடக்க ஃபைலைப் படித்து அதன்படி நட. அவன் அழகாக எழுதுவான் என்று, புதிதாக வந்த எல்லாரும் சோம்பலில் போட்டுக்கொண்ட வரி. தன் ஃபைலில் அவன் எதை மாற்றினாலும் எல்லார் ஷெல்லிலும் அது மாறிவிடும். சொல் அவனுடையது. அதைச் செய்ததாக எந்திரத்துக்குத் தெரிந்த கை அவளுடையது.

அவன் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தாள். இன்று காலை ஒன்பது பத்து.

பக்கத்து அறையில் விசை விழுந்தது. டக். டக்.

"ஜவஹர் அண்ணே!" வாசலிலிருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "பக்கத்து ரூம்ல யாரு?"

"யாரும் இல்லம்மா. பூட்டிக் கீது. சாவி என்கைலதான் கீது," என்று இடுப்பைத் தட்டினார். "மழ சத்தம் அது. வூட்டுக்குப் போயேன், இன்னாத்துக்குத் தனியா குந்திக்கினு கீற?"

"என் வேலைய எடுத்துக்கிட்டுத்தான் போவேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வாசலுக்கே போனார்.

சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் ஷெல் மாற்றுப்பெயரைச் சட்டை செய்யாது. அசல் கட்டளையையே ஓட்டும். உள்ளே யார் யார் என்று கேட்க \who என்று அடித்தாள். இரண்டு வரிகள். ஒன்றில் அவள். இன்னொன்றில், பக்கத்து அறை டெர்மினலில், ஸ்ரீரங்கன்.

"இருந்துட்டுப் போ," என்றாள் பல்லைக் கடித்து.

தன் தொடக்க ஃபைலில் இருந்த அந்த ஒற்றை வரியை அழித்தாள். தொடக்க ஃபைல் எதையும் படிக்காத புது ஷெல்லைக் கிளப்பினாள். போன ஃபைல்களை அவன் இடத்திலிருந்து திரும்ப இழுத்தாள். பட்டியல் கேட்டாள். தயக்கமே இல்லை. இருபத்தேழு.

பக்கத்து அறை அடங்கியது.

"செத்தவனுக்கு எதுக்குடா பட்டம்?" வாய்விட்டுச் சிரித்தாள். சாய்கோட்டோடு மறுபடி கேட்டாள், உள்ளே யார் என்று.

ஒரே வரி. அவள் உட்கார்ந்திருந்த டெர்மினல். பெயர், ஸ்ரீரங்கன்.

மாற்றுப்பெயர் இல்லை. தொடக்க ஃபைல் இல்லை. அசல் கட்டளை.

தன் பெயரை அடிக்கப் போனாள். டக். டக். காகிதத்தில் ஆய்வேட்டின் முதல் பக்கம் ஏறியது, எழுதியவர் ஸ்ரீரங்கன் என்று. கையை இழுத்தாள். வரவில்லை.

"என்னோடது!" கத்தினாள். "இது என்னோடது!"

டக். டக்.

எட்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. இரண்டு ஆள்காட்டி விரல்கள் மட்டும் ஆணி அறைந்துகொண்டிருந்தன.